நன்மை செய்யும் பூச்சிகளை வயலிலேயே தங்க வைப்பது எப்படி?

பயிரின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி, வெயில் காலத்தில் பிறந்த ஒரு வாரம், பத்து நாளில் குட்டி போடத் தொடங்கிவிடும். அதைத் தின்னும் பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக வெளிவர ஏறக்குறைய மூன்று வாரம் பிடிக்கும். பூச்சி தென்பட்ட பிறகு அதன் எதிரி வந்து சேர்ந்து பெருகட்டும் என்று காத்திருந்தால் அந்த இடைவெளியில் பயிர் போய்விடும். அதனால் எதிரிகள் முன்கூட்டியே வயலில் இருக்க வேண்டும். கீழே சொல்லும் வேலைகள் எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான்.

இதற்காகப் பூச்சிகளை விலைக்கு வாங்கி விட வேண்டியதில்லை. சிலந்தி, பொறிவண்டு, தட்டான், தீமை செய்யும் பூச்சியின் உடலிலோ முட்டையிலோ முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவி எல்லாம் சுற்றுவட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அவை தங்கிப் பெருக மூன்று வசதிகள் தேவை. முதலாவது, வளர்ந்த பூச்சிக்குத் தேனும் மகரந்தமும். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு அசுவினியை உறிஞ்சித் தின்னும். ஆனால் இறக்கை முளைத்த பிறகு அதற்குத் தேன், மகரந்தம், அசுவினி கழிக்கும் இனிப்பு நீர் ஆகியவைதான் சாப்பாடு. புழுப் பருவத்தில் அசுவினியைத் தின்னும் சிர்பிட் ஈக்கு மகரந்தம் கிடைக்காவிட்டால் முட்டையே முற்றாது. இரண்டாவது, பயிரில் பூச்சி வராத நாட்களில் தின்ன வேறு இரை. மூன்றாவது, அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவில் ஒதுங்க இடம்.

முதல் 40 நாள் மருந்துக்கு விடுமுறை

தேனுக்காகப் பூச்செடிகளை விதைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. விதைப்புச் செலவைவிட இதில்தான் பலன் அதிகம். நெல் நட்ட 40 நாள் வரை இலை சுருட்டுப் புழுவின் வெள்ளைக் கோடுகளைப் பார்த்ததும் மருந்தடிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த வயதில் பயிர் புது இலைகளையும் தூர்களையும் விட்டு இழப்பை ஈடுகட்டிவிடும், மகசூல் குறையாது. மருந்தடித்தால் சிலந்திகளும், புகையான் முட்டையைத் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளும் சாகும். புகையான் என்பது நெல் தண்டின் சாற்றை உறிஞ்சும் பூச்சி; தாளுக்குள் பாதுகாப்பாக இருக்கும் அதன் முட்டைகள் தப்பிப் பொரித்து, எதிரியே இல்லாத வயலில் பெருகும். இந்தோனேசிய அரசு 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ததற்கு இப்படி மருந்தால் மூண்ட புகையான்தான் காரணம்.

இந்த 40 நாளில் வயல் காலியாகக் கிடப்பதில்லை. ஜாவா தீவின் நெல் வயல்களில் 1990களில் செய்த ஆய்வு ஒன்றைக் காட்டியது: மட்கும் பொருளையும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் தின்று வாழும் சிறு ஈக்களும் துள்ளிகளும் பயிரின் தொடக்க நாட்களிலேயே பெருகுகின்றன, அவற்றைத் தின்று சிலந்திகளும் நீர்ப்பூச்சிகளும் பெருகிவிடுகின்றன. தீமை செய்யும் பூச்சி வரும்போது காவல் தயாராக இருக்கிறது. எனவே நன்கு மட்கிய தொழுவுரமோ பசுந்தாள் உரமோ அடியுரமாகப் போடுவது மண்ணுக்கு மட்டுமல்ல, சிலந்திக்கும் தீனி. இரசாயன உரம் மட்டுமே போடும் வயலில் முதல் மாதத்துச் சிலந்திகளுக்குப் பட்டினிதான்.

எல்லாப் பூவும் உதவாது

அந்துப்பூச்சி முட்டைக்குள் முட்டையிடும் டிரைக்கோகிரம்மா குளவியின் உடல் சுமார் அரை மில்லிமீட்டர்தான். குழல் போன்ற நீண்ட பூவின் அடியில் இருக்கும் தேன் அதற்கு எட்டாது. இனிப்பு கிடைக்காத டிரைக்கோகிரம்மா ஓரிரு நாளில் செத்துவிடும்; கிடைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் வாழும். அந்தக் கூடுதல் நாட்களில் அது இடும் முட்டைகளுக்காகத்தான் நாம் பூ விதைக்கிறோம். ஆகவே தட்டையாக, திறந்தபடி, தேன் மேலாகத் தெரியும் பூக்கள் வேண்டும். கொத்தமல்லி, சோம்பு, சதகுப்பை ஆகிய குடைப்பூக்கள் இதற்கு நல்லவை. அலங்காரத்துக்கு வளர்க்கும் அடுக்குப் பூக்கள் பார்க்க அழகு. அவற்றில் தேனும் மகரந்தமும் மிகக் குறைவு.

பூவுக்கு வெளியேயும் தேன் சுரக்கும் செடிகள் உண்டு. தட்டைப்பயறின் பூங்கொத்துக் காம்பில் பூக்களுக்கு நடுவே சுரப்பிகள் இருக்கின்றன. ஆமணக்கின் இலைக்காம்பில் குமிழ் போலத் தெரிவதும் தேன் சுரப்பிதான். பருத்திக்கு இலையின் அடிப்பக்க நரம்பில் இருக்கிறது. சின்னக் குளவிகளுக்கு எட்டும் உயரத்திலேயே இது கிடைப்பதால் தட்டைப்பயறு பல பயிர்களுக்கு முதல் தேர்வு.

ஆனால் எந்தப் பயிருக்கு எந்த ஓரப்பயிர் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

நிலக்கடலை, உளுந்து, பாசிப்பயறு வயலைச் சுற்றித் தட்டைப்பயறு போடக் கூடாது. அதில் வரும் கருப்பு அசுவினியே இவற்றையும் தாக்கும். நச்சுயிரி நோயையும் கூடவே கொண்டுவரும். அங்கே கம்பு, சோளம், மக்காச்சோளம் பொருந்தும். சோளத்திலும் மக்காச்சோளத்திலும் வரும் அசுவினி புல்வகைப் பயிர்களோடு நின்றுவிடும். கடலைக்கோ பருத்திக்கோ மிளகாய்க்கோ தாவாது. பொறிவண்டுகள் அதைத் தின்று அங்கே பெருகிப் பயிருக்குள் இறங்கும். ஓரச் சோளத்தில் அசுவினியைக் கண்டு பதறி மருந்தடிப்பது பொறிவண்டின் தொட்டிலை எரிப்பது போலத்தான்.

பருத்திக்குத் தட்டைப்பயறு நல்லது, வெண்டை ஆகாது. பருத்தியின் தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, அசுவினி, காய்ப்புழு அத்தனையும் வெண்டையில் வளரும்.

தக்காளிக்கு நடுவே 16 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி வைப்பது காய்ப்புழுவுக்கான பொறிப்பயிர் முறை, அதாவது பூச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் பயிர். 40–45 நாள் வயதான செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே நாளில் நட்டால் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லி மொட்டைத் தேடிப் போகும். வாரம் இரு முறை அந்த மொட்டுகளைப் பார்த்துப் புழுவைப் பொறுக்கியே ஆக வேண்டும். பொறுக்காமல் விட்ட பொறிப்பயிர் புழுவுக்குப் பண்ணை. சூரியகாந்தியிலும் இதே சிக்கல் உண்டு.

நெல்லுக்கு எள். சீனா, வியட்நாம், தாய்லாந்து நாடுகளில் நான்கு ஆண்டுகள் நடந்த வயல் ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. வரப்பில் எள் முதலிய தேன் தரும் செடிகளை வளர்த்த வயல்களில் பூச்சிக்கொல்லிப் பயன்பாடு 70 விழுக்காடு குறைந்தது. தானிய மகசூல் 5 விழுக்காடு கூடியது. புகையான் முட்டையைத் தாக்கும் குளவிகளுக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சிக்கும் எள்ளின் தேன் உதவுகிறது. தண்டு துளைப்பானின் அந்துப்பூச்சிக்கு அதனால் ஆதாயம் இல்லை என்பதும் எள்ளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம்.

அளவும் நாளும்: நெல் வரப்பு

சதுரமான ஒரு ஏக்கரின் சுற்றளவு சுமார் 250 மீட்டர். வரப்பில் 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு வரிசை எள் போட்டால் ஏறத்தாழ 1,700 குழிகள் வரும். 50 கிராம் விதை தாராளமாகப் போதும். விதை மிகச் சிறிது என்பதால் நான்கு மடங்கு உலர்ந்த மணலோடு கலந்து விரல் நுனியால் இட்டு, அரை அங்குலத்துக்கு மேல் மண் மூடாமல் விடவும். முளைத்த பத்தாம் நாளில் குழிக்கு ஒன்று வைத்து மற்றதைப் பிடுங்கிவிடலாம். எள்ளுக்குப் பதில் தட்டைப்பயறு என்றால் ஒரு வரிசைக்குக் குழிக்கு இரண்டு விதை வீதம் கால் கிலோ வேண்டும்.

அளவைவிட முக்கியம் நாள். எள் விதைத்து ஏறக்குறைய 40 நாளில் பூக்கத் தொடங்கி மூன்று, நான்கு வாரம் பூக்கும். நடவு முடிந்த பிறகு ஓய்வாக வரப்பில் எள் தூவினால் பூ வரும்போது நெல்லுக்கு 45, 50 நாள் ஆகியிருக்கும். புகையான் அதற்குள் ஒரு தலைமுறை பெருகியிருக்கும். ஆகவே பாதி வரப்பில் நாற்றங்கால் விடும் நாளிலேயே எள் விதைக்க வேண்டும். 25 நாள் நாற்றை நட்டால் நட்ட இரண்டு வாரத்தில் பூ தயார். மீதி வரப்பில் நடவு அன்று விதைத்தால் முதல் தொகுதி ஓயும் நேரத்தில் இரண்டாவது பூக்கும். இரண்டு தவணையும் எதிரெதிர் பக்கமாகப் பிரியாமல், ஒவ்வொரு பக்கத்திலும் மாறி மாறி வரும்படி விதைக்கவும்.

எள் தண்ணீர் தேங்குவதைத் தாங்காது. வயல் நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது 15 செ.மீ. உயரமாவது வரப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேர் அழுகிச் செடி சாயும். தாழ்ந்த வரப்பில் எள் பிடிக்கவில்லை என்றால் விதையில் குறையைத் தேட வேண்டாம்.

இன்னொன்று: வரப்புக்குப் போடும் விதை, இமிடாகுளோப்ரிட் போன்ற ஊடுருவும் மருந்து பூசியதாக இருக்கக் கூடாது. அந்த மருந்து செடிக்குள் ஏறித் தேனுக்கும் மகரந்தத்துக்கும் வந்துவிடும்.

தோட்டக்கால் பயிர்களுக்கு

ஓரத்தில் இரண்டு அல்லது மூன்று வரிசை சோளமோ மக்காச்சோளமோ, பயிர் நடுவதற்கு மூன்று வாரம் முன்பே நெருக்கமாக விதைக்கவும். வெள்ளை ஈ, இலைப்பேன் காற்றில் வருவதை இது ஓரளவு மறிக்கும். மகரந்தமும் மாற்று இரையும் தரும். அதற்கு உள்பக்கமாகக் கொத்தமல்லி ஒரு வரிசை. கொத்தமல்லியை மூன்று வார இடைவெளியில் இரண்டு தவணையாக விதைத்து, தழைக்குக் கிள்ளாமல் பூக்க விட வேண்டும். வெயில் ஏறினால் அது சீக்கிரம் பூத்து முடிந்துவிடும். அந்தப் பருவத்தில் மூன்றாவது தவணையும் தேவைப்படும்.

குளவிகள் பூவிலிருந்து வெகுதூரம் போய்ப் பயிரில் தேடுவதில்லை. பூப்பட்டைகள், அதாவது பூச்செடி வரிசைகள், ஒன்றுக்கொன்று 50 மீட்டருக்குள் இருப்பது நல்லது. ஒரு ஏக்கர் தனி வயலில் நடுப்புள்ளியே ஓரத்திலிருந்து 32 மீட்டர்தான். ஓரப்பயிர் மட்டும் போதும். ஐந்து ஏக்கர் ஒரே சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 142 மீட்டர். உள்ளே இரண்டு குறுக்குப் பட்டை வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் அகலம். இதற்குப் போகும் நிலம் ஒன்றரை விழுக்காட்டுக்குள்தான். டிராக்டர் திரும்ப இரு முனையிலும் இடம் விடாவிட்டால் முதல் உழவிலேயே பட்டை காணாமல் போகும்.

தங்க ஒரு மேடு

தரை வண்டுகள், ஓநாய்ச் சிலந்திகள் இரவில் இரை தேடிப் பகலில் ஒளிபவை. அவற்றுக்கு உழவு படாத, உலர்ந்த, குத்துக் குத்தாகப் புல் வளர்ந்த நிலம் வேண்டும். பிரிட்டனில் 1980களின் இறுதியில் உருவான வண்டு மேடு என்னும் முறையில், வயலின் நடுவே 40 செ.மீ. உயரம், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் அகலத்தில் உழவு மண்ணைக் கூட்டித் தூர்க்கட்டும் புல்லை வளர்க்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டில் சதுர மீட்டருக்கு ஆயிரத்துக்கு மேல் இரைவிழுங்கிகள் அங்கே தங்கியதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அது குளிர் நாட்டுக் கணக்கு. வெப்பப் பகுதியில் அதே எண்ணிக்கையை எதிர்பார்க்க வேண்டாம், முறை மட்டும் பொருந்தும். சிறு நிலத்தில் புது மேடு தேவையில்லை. இருக்கிற அகல வரப்பு ஒன்றை உழாமல், சுரண்டாமல் விட்டாலே போதும்.

புல்லில் வெட்டிவேர் நல்ல தேர்வு. நெல்லையும் மக்காச்சோளத்தையும் தாக்கும் கைலோ இனத் தண்டு துளைப்பான்கள் வெட்டிவேரில் விரும்பி முட்டையிடும். பொரித்த புழு அதில் வளர முடியாமல் செத்துவிடும். மூன்று முதல் ஐந்து மீட்டருக்கு ஒரு தூர் வைக்கலாம். படர்ந்து வயலுக்குள் புகும் அருகு, கோரை வேண்டாம்.

வரப்புப் புல்லை மருந்தால் கருக்காமல் வெட்டவும். அதையும் ஒரே நாளில் முழுக்க வெட்டக் கூடாது. பாதி வெட்டி, அது மறுபடி தழைத்த பிறகு, அதாவது மூன்று வாரம் கழித்து, மறு பாதி. நெல்லில் மட்டும் ஒரு விதிவிலக்கு: கதிர் வெளிவரும் முன் வரப்பில் பூட்டை விட்ட புற்களை அறுத்துவிட வேண்டும். கதிர் நாவாய்ப்பூச்சி முதலில் அந்தப் பூட்டைகளில்தான் கூடும்.

களை எல்லாமே நண்பன் என்று எண்ணவும் கூடாது. பார்த்தீனியம் மகரந்தத்தை அள்ளிக் கொடுக்கும். ஆனால் நோய் அறிகுறி காட்டாமலேயே புகையிலைக் கீற்று நச்சுயிரியைத் தாங்கி நிற்கும். அந்த மகரந்தமும் இலைப்பேனும் சேர்ந்து 2000ஆம் ஆண்டு ஆந்திராவின் அனந்தபூர் பகுதி நிலக்கடலையில் தண்டுக் கருகல் நோயைப் பரப்பின. துத்தியில் வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும் தங்கும். இவ்விரண்டையும் பூக்கும் முன் பிடுங்கிவிடுங்கள்.

எலித் தொல்லை உள்ள இடத்தில் இந்த ஆலோசனை முட்டிக்கொள்ளும். அகலமான, புதர் மண்டிய வரப்பில்தான் எலி வளை தோண்டும். எலிக்காக வரப்பை 30 செ.மீ.க்குள் குறுக்கச் சொல்வார்கள். இரண்டுக்கும் இடைவழி: உள் வரப்புகளைக் குறுகலாகவும் சுத்தமாகவும் வைத்து, வெளி வரப்பில் மட்டும் பூச்செடி, புல்மேடு. பயிர் பொதி கட்டும் சமயத்தில் வாரம் ஒரு முறை செடியடியில் வளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பறவைத் தாங்கி, பொறி, எறும்பு

பயிருக்கு மேல் ஓரடி உயரத்தில் 'டி' வடிவக் குச்சி, ஏக்கருக்கு 20. கரிச்சானும் மைனாவும் பகலில், ஆந்தை இரவில் வந்து உட்காரும். தானியப் பயிரில் மணி பிடிக்கத் தொடங்கியதும் குச்சியைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் தானியம் தின்னும் பறவைக்கும் அதுவே ஆசனம்.

மஞ்சள் ஒட்டுப்பொறியிலும் விளக்குப் பொறியிலும் நல்ல பூச்சியும் சிக்கும். ஒட்டுப்பொறியைக் கண்காணிப்புக்கு மட்டும் ஏக்கருக்கு நான்கைந்து வையுங்கள், பூப்பட்டைக்கு அருகில் வேண்டாம். விளக்கைப் பொழுது சாய்ந்து இரண்டு, மூன்று மணி நேரம் எரித்து அணைத்துவிடலாம்.

பழத்தோட்டத்தில் மாவுப்பூச்சி குறையவே இல்லை, பொறிவண்டு வந்தும் பலனில்லை என்றால் எறும்பைப் பாருங்கள். இனிப்பு நீருக்காக எறும்பு மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் காவல் நிற்கும். குளவியையும் வண்டையும் விரட்டும். அடிமரத்தில் துணியோ காகிதமோ சுற்றி அதன்மேல் ஒட்டும் பசை தடவுங்கள். பசையை நேரே பட்டையில் பூசினால் பட்டை வெந்துபோகும். தரையைத் தொடும் கிளைகளையும் கழிக்க வேண்டும், ஒரு கிளை தொட்டால்கூட பசைக்கு அர்த்தம் இல்லை. வண்டிப்பாதை ஓரப் பயிரில் சிவப்புச் சிலந்திப்பேன் அதிகமாக இருந்தால் காரணம் புழுதி. இரைதின்னிகள் புழுதியில் சரியாக வேலை செய்யா. பாதையில் தண்ணீர் தெளித்தாலே குறையும்.

ஆளைத் தெரிந்து எண்ணுவது

நல்ல பூச்சியைக் கெட்டது என்று கொல்வது அடிக்கடி நடப்பதுதான். பொறிவண்டின் புழு வண்டு போலவே இருக்காது. கருநீலமாக, நீளமாக, ஆரஞ்சுப் புள்ளியோடு முதலைக்குட்டி சாயலில் ஓடும். மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் வண்டின் புழு வெள்ளை மெழுகு இழைகளால் மூடி, பெரிய மாவுப்பூச்சி போலவே தெரியும். தொட்டால் வேகமாக நகர்வதுதான் அடையாளம். மறுபக்கம், கத்தரி இலையைச் சுரண்டும் எபிலாக்னா வண்டும் புள்ளி வண்டுதான். பளபளப்பு இல்லாமல் மெல்லிய ரோமத்தோடு மங்கலாக இருக்கும். புழு மஞ்சள் நிறத்தில் முள் முள்ளாக இருக்கும்.

ஊதிப் பழுப்பேறி அசையாமல் ஒட்டியிருக்கும் அசுவினி, உள்ளே குளவி வளரும் அசுவினி. முதுகில் வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. கருத்துப்போன அந்துப்பூச்சி முட்டைகளில் டிரைக்கோகிரம்மா இருக்கிறது. புழுவின் அருகே வெள்ளை அரிசி போலக் கூட்டுக் குவியல் இருந்தால் அந்தப் புழுவை விட்டுவிடலாம். அது இனித் தின்னாது. நூல் நுனியில் நிற்கும் முட்டை கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது.

வாரம் ஒரு முறை, காலை வேளையில், வயலின் ஐந்து இடங்களில் நான்கு நான்கு குத்தில் (ஒரே இடத்தில் நட்ட பயிர்க் கொத்து) உள்ள பூச்சிகளை எண்ணுங்கள். தீமை செய்பவை இரண்டுக்கு நன்மை செய்பவை ஒன்று என்ற விகிதம் இருந்தால் பொதுவாக மருந்து தேவையில்லை. புகையானுக்கு இன்னும் தெளிவான கணக்கு: தூருக்கு (குத்தில் ஒரு தண்டுக்கு) ஒரு புகையான் என்பது மருந்தைப் பற்றி யோசிக்கும் அளவு, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். தண்டு துளைப்பான் முட்டைக் குவியல்களை இலையோடு கிள்ளி, வாய் கட்டிய குப்பியில் பத்து நாள் வையுங்கள். புழு அதிகமாக வருகிறதா, குளவி அதிகமாக வருகிறதா என்று பார்த்தால் வயலில் என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிடும். குளவியை வயலிலேயே திறந்து விட்டுவிடுங்கள்.

மருந்தடித்தே ஆக வேண்டும் என்றால்

பாதிக்கப்பட்ட திட்டுக்கு மட்டும், பூப்பட்டையில் படாமல், மாலையில். புழுக்களுக்குப் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா, என்.பி.வி. என்ற நச்சுயிரி ஆகியவை குளவியையும் சிலந்தியையும் நேரடியாகத் தொடுவதில்லை. வெயிலில் வீரியம் கெடும் என்பதால் இவற்றுக்கும் மாலைதான். உறிஞ்சும் பூச்சிகளுக்கு வேப்பங்கொட்டைப் பருப்புச் சாறு 5 விழுக்காடு, அதாவது 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு. செயற்கைப் பைரித்ராய்டுகளைக் கடைசிவரை தொட வேண்டாம்; அடித்த சில வாரங்களுக்கு எதிரிகள் திரும்பா, புகையானும் சிலந்திப்பேனும் முன்னைவிட அதிகமாகும். கந்தகத் தூள் பாதகமற்றது என்ற நினைப்பும் தவறு. இரைதின்னும் சிலந்திப்பேனுக்கும் டிரைக்கோகிரம்மாவுக்கும் அது ஆகாது.

அறுவடை நாளில்

வயலை ஒரே மூச்சில் வழித்து எடுத்தால் சிலந்திகளுக்குப் போக்கிடம் இல்லை. ஒரு முனையில் தொடங்கிப் பூவரப்பை நோக்கி அறுத்துக்கொண்டே போனால் அவை அந்தப் பக்கம் நகரும். அடிக்கட்டையில் தண்டு துளைப்பான் புழு உறங்கும் என்பதால் வயலை உழுவது சரிதான், எரிப்பதற்கு அவசியம் இல்லை. வரப்புச் செடிகளை மட்டும் இன்னும் இரண்டு, மூன்று வாரம் விட்டு வையுங்கள். எள்ளையும் தட்டைப்பயறையும் முற்ற விட்டு அறுத்தால் அடுத்த பருவத்து வரப்பு விதை கையில் இருக்கும். மருந்து பூசாத விதை அதுதான். அறுத்த இடத்தில் கைப்பிடி அளவு வைக்கோலைக் கட்டி பத்து மீட்டருக்கு ஒன்றாக வரப்பில் சாய்த்து வையுங்கள். சிலந்திகள் அதில் குடியேறும். அடுத்த நடவு முடிந்த வாரம் அந்தக் கட்டுகளை அப்படியே எடுத்து வயலுக்குள் குச்சியில் செருகிவிடலாம்.